கால்வாசிச் சம்பளத்துக்குப் பதிலாக வாசித்தளித்த மடல்

பாரிஸ் லா சப்பல், ரூ பெர்தொனே வீதி, 'அமுதகலசம்' உணவகத்தின் தலைமைச் சமையலாளர் திரு. சூ. பேதுரு அவர்கள் பணி ஓய்வு பெறும் இந்நாளில், உடன் உழைத்தோர் வாசித்தளிப்பது.

கொதிக்கும் தகட்டில் கொத்துரொட்டி கொத்திய கைவண்ணரே! மன்னார் மண் தந்த மாண்பாளரே! இருபத்திரண்டு ஆண்டுகள் இவ்வீதியின் பசி தீர்த்த எங்கள் பேதுரு அண்ணையே! வணக்கம்.

சனிக்கிழமைகளில் வாசல் தாண்டி வரிசை நின்றபோதும் வாய் திறந்து ஒருவரையும் வையாதவர் தாங்கள். எங்களில் ஒருத்தியான துஷ்யந்தியின் கை எண்ணெயில் வெந்த அன்று, அடுப்பை அணைத்துவிட்டு அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றவரும் தாங்களே. அந்த அரை நாளைத் தங்கள் சம்பளத்தில் வெட்டியவர் யாரென்று இச்சபை அறியும்.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன், நம் முதலாளி திரு. பிருந்தாபன் தொலைக்காட்சியில் ஒரு செய்தி பார்த்தார். அமெரிக்காவில் பேஸ்போல் வீரர் ஒருவர், ஆட்டத்தை விட்டுப் பல காலமாகியும், ஒத்திவைத்த சம்பளத்தை ஆண்டுதோறும் வாங்குகிறாராம்.

"அண்ணை, கெட்டிக்காரன் முழுச் சம்பளத்தையும் இப்பவே வாங்கமாட்டான். கால்வாசியை என்னட்டை விடுங்கோ. பென்சன் எடுத்த பிறகு மாதாமாதம் வட்டியோடை வரும்" என்றார்.

"ஓம் தம்பி, உங்களை நம்பாமல் ஆரை நம்பிறது?" என்று, கையைத் துடைத்துவிட்டுத் தாங்கள் கையொப்பமிட்டீர்கள்.

அந்த வீரருக்கு வழக்கறிஞர் இருந்தார், எந்த நாளில் எவ்வளவு என்ற எழுத்தும் இருந்தது. தங்களுக்கு இருந்தது ஒரு தாளும் ஒரு கொம்பனி முத்திரையும்தான். நம் கடைகளின் வழக்கம் தெரிந்ததே: வாசற்பலகை மாறாது, உள்ளே கொம்பனி மாறும். முதலில் முதலாளி பெயரில், பிறகு மனைவி பெயரில், பிறகு மைத்துனர் பெயரில். ஒவ்வொரு முறையும் பிள்ளையாருக்கு மாலை சாத்திக் கேக் வெட்டினோம். வெட்டியவரே தாங்கள். பலகை அப்படியே இருந்ததால் ஒப்பந்தமும் அப்படியே இருக்கிறது என்று நம்பினோம். அந்தத் தாளில் புதுக் கொம்பனியின் முத்திரையைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

சென்ற மாதம் தாங்கள் தாளை நீட்டியபோது முதலாளி சொன்னார்: "அண்ணை, இந்தக் கொம்பனி இப்ப இல்லை. இல்லாத கொம்பனியிட்டை என்னெண்டு காசு கேக்கிறது?"

தாங்கள் சத்தம் போடவில்லை. "அப்ப புஸ்பராணிக்கு நான் என்ன சொல்லுறது, தம்பி?" என்று மட்டும் கேட்டீர்கள். லா கூர்னெவ் புறநகரில், லிப்ட் இல்லாத ஐந்தாம் மாடியில், முழங்கால் தேய்ந்து வீட்டோடு கிடக்கும் தங்கள் துணைவியாரை, இந்தப் பணம் வந்ததும் கீழ்த்தள வீட்டுக்குக் கொண்டுவருவேன் என்று தாங்கள் எங்களிடம் சொல்லாத நாளில்லை.

இம்மடலை எழுதச் சொன்னவரும், பொன்னிறச் சட்டத்தை வாங்கித் தந்தவரும் முதலாளியே. "காசைப் பற்றி ஒண்டும் எழுத வேண்டாம்" என்றும் சொன்னார். முன்வரிசையில் இருக்கும் அவர் பொறுத்தருள்க.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். அதே மாதிரித் தாளில் நாங்களும் கையொப்பமிட்டவர்கள். "பேதுரு அண்ணையே போட்டிட்டார், உங்களுக்கென்ன?" என்று கேட்டுத்தான் முதலாளி எங்களிடம் வாங்கினார். தங்கள் நல்ல பெயரையும் அவர் சம்பளம் தராமலே பயன்படுத்திக்கொண்டார்.

திங்கட்கிழமை கடை பூட்டு. அன்று காலை தாங்கள் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகும்போது நாங்கள் மூவரும் கூட வருகிறோம். நோய் நொடியின்றி நீடு வாழ்க! சடங்குக்காக வாழ்த்தவில்லை, அண்ணை. வழக்கு முடியும்வரை தாங்கள் இருந்தே ஆகவேண்டும்.

இங்ஙனம்,
கஜன், ரொட்டி அடுப்பு (2039இல் தருவதாகச் சொல்லப்பட்டவர்)
தயாளினி, பரிமாறல் (2044இல்)
துஷ்யந்தி, சமையற்கட்டு (2051இல்)