வியாழக்கிழமை முறை

— ஐயோ, கதவு! பின்னால வாங்க அண்ணி, கடப்பாரையால இடிக்கிறான்!

— யாரு அவன்?

— காலையில மண்டையில ஆறு தையலோட அடைக்கலம் கேட்டு ஒரு பொண்ணு வந்தா. அவ புருஷன். மோப்பம் பிடிச்சு காப்பகத்துக்கே வந்துட்டான்.

— அவளை வெளியே தள்ளுங்கடி! இல்ல, உள்ள இருக்கிற அத்தனை பேரையும் கொளுத்திடுவேன்!

— போலீசுக்குச் சொன்னியா?

— சொல்லிட்டேன், பத்து நிமிஷமாம். நல்ல நாள் பாத்து வந்தீங்க! ரிட்டயர் ஆகி சும்மாதானே இருக்கீங்க, வாரம் ஒரு நாள் தொண்டு செய்ய வாங்கன்னு மூணு வருஷமாக் கெஞ்சறேன். கேட்டா, ‘உங்கண்ணனுக்கு நேரத்துக்குச் சோறு போடணும்’னு ஒரு சாக்கு. இன்னிக்குப் போய் பையைத் தூக்கிட்டு வந்து நிக்கிறீங்க.

— பேச்சை விடு, மேசையை இழு. நடுவுல வேண்டாம், கீல் பக்கம் வை. முதல்ல கீல்தான் பிடுங்கிட்டு வரும்.

— ஆ! கதவுக் கண்ணாடி தெறிச்சு கை கிழிஞ்சிடுச்சு அண்ணி! ரத்தம்...

— இந்தா துண்டு, அழுத்திப் பிடி. அவனுக்குப் பதில் மட்டும் பேசாத. பேசினா வெறி கூடும்.

— ஏய் கிழவிங்களா! உங்க கையைக் காலை முறிச்சுப் போட்டுருவேன்!

— என் வீட்டுக்காரர் போனப்புறம் வெறும் வீட்டுல இருக்கப் பிடிக்காம நான் இங்க வந்தேன் அண்ணி. மத்தவங்க ஏன் தொண்டு செய்ய வரலன்னு இப்பத்தானே தெரியுது. பயம்!

— பயம்தான். உஷ்! இன்னும் நாலு இடி, அப்புறம் மூச்சு வாங்கும். உடனே அழுவான், கொஞ்சுவான்.

— தங்கம்... என் தங்கமே... வந்துடுடி. இனிமே உன் மேல கை வைக்க மாட்டேன்டி...

— அடேங்கப்பா, ஜோசியம் மாதிரி சொல்றீங்க!

— இப்பத்தான் உஷாரா இருக்கணும். அந்தப் பொண்ணே தாழ்ப்பாளைத் திறக்க ஓடி வருவா. பிடிச்சுக்கோ.

— ஏய், நில்லும்மா! எங்க ஓடறே? உக்காரு! அண்ணி, ஜீப் வந்துடுச்சு... அமுக்கிட்டாங்க அவனை! எமகாதகி அண்ணி நீங்க. இருபது வருஷமா இங்க இருக்கிற வார்டனுக்கே இதெல்லாம் தெரியாது. இருங்க, தொண்டர் நோட்டுல உங்க பேரை எழுதிடறேன். வியாழக்கிழமை முறை இனி உங்களுக்குத்தான்.

— அதுல வேண்டாம்மா. காலையில இந்தப் பொண்ணு பேரை எழுதின நோட்டுல எழுது. உங்கண்ணன் தேடி வந்தா, கூடப் பொறந்தவனாச்சேன்னு கதவைத் திறந்துடாத.