வேல்ஸ்காரன் சொன்ன பதில்

அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலிக்கு வந்த பஸ்ஸில், என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள்.

"ஆட்டுத் திருடன் வம்சம்னு தெரிஞ்ச பெறகுதான் எங்க வீட்டுல சம்மதிச்சாவ, மதினி."

"என்ன பிள்ள சொல்லுத?"

"நம்ம ஜெசி வேல்ஸ்ல நர்சா இருக்காள்லா? அங்கத்துப் பையனத்தான் கட்டுவேன்னா. மாசக்கணக்கா அவ அப்பா மகட்ட பேசவே இல்ல. போன வாரம் அந்தப் பையனே போன் போட்டான். இவிய வாத்தியார்லா, அந்த ஊரு சரித்திரத்த முன்னமே படிச்சு வச்சிருக்காவ. 'ஜார்ஜ் ராசா காலத்துல உங்க ஊர்ல பிஷப்பு, ஜட்ஜுன்னு பெரிய மனுசங்க இருந்தாங்களே, அதுல உங்க குடும்பத்து ஆளு யாரு?'ன்னு கேட்டாவ."

"அவன் என்ன சொன்னான்?"

"'அந்த ஜட்ஜு ஒரு ஆட்டுத் திருடன ஜெயில்ல போட்டாரு. அந்தத் திருடன்தான் எங்க வம்சத்துப் பாட்டன்'னான்."

மதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"இவியளும் இப்படித்தான் சிரிச்சாவ. 'பொண்ணு கேக்கிற நேரத்துல இவ்வளவு உண்மை பேசுதவன் நம்ம பிள்ளைய ஏமாத்த மாட்டான்'னு எங்கிட்ட சொல்லிட்டு, 'போன எம் மகட்ட குடுங்க, தம்பி'ன்னாவ."

"ஜெசி என்ன சொன்னா?"

"'அப்பா'ன்னா. 'என்னைக்குப் பிள்ள ஊருக்கு வார?'ன்னு இவிய கேட்டாவ, மதினி."

ஜங்ஷன் வந்தது. கல்யாணச் சேலை எடுக்க இருவரும் இறங்கிப் போனார்கள்.