ஒன்பதாம் படியின் துரு

மழை தூற ஆரம்பித்தபோது நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலோரம் பெயின்ட் காயவைத்திருந்த மாடல் ரயில் இஞ்சினை என் தம்பி வினோத் துணியால் பிடித்துத் தூக்கி, "அண்ணா, இத்த கொஞ்சம் புடி, ஜன்னல சாத்திடறேன்" என்றான். டம்ளரை வைத்துவிட்டு வாங்கிக்கொண்டேன். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் கொக்கியை மாட்டினான். நான் இஞ்சினை அலமாரியில் வைத்தேன். காபி ஆறிவிட்டது என்று அவன் மனைவி கிருஷ்ணப்பிரியா அதைச் சுடவைத்துக் கொடுத்தாள். எங்கள் வீட்டில் சாதாரணமாக நடந்த கடைசிக் காரியம் அதுதான்.

ஆய்வாளர் அவர்களே, கோவில்பதாகையில் எங்கள் வீட்டில் நடந்ததை விபத்து என்று நீங்கள் எழுதி முடித்து நான்கு மாதம் ஆகிறது. உங்கள் மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியம் போன வாரம்தான் வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபத்தாறு வருடம் பீரோக்களுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடித்தவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாடியில் நான், கீழே தம்பி குடும்பம். வினோத்துக்கு ஆவடி மார்க்கெட்டில் செல்போன் பழுது பார்க்கும் கடை. உள்ளங்கையைவிடச் சற்று நீளமான மாடல் இஞ்சின்களை வாங்கி, எங்கள் ஊர் ரயில்களைப் போல வண்ணம் மாற்றுவது எங்கள் இருவரின் பொழுதுபோக்கு. பெயின்ட் என்னுடையது. ஐந்து பூச்சு, பதினான்கு நாள். அதன்மேல் புகை, எண்ணெய்க் கசிவு, துரு எல்லாம் போட்டு, பல வருடம் ஓடிய வண்டிபோல ஆக்குவது அவன் வேலை. அதை நாங்கள் 'அழுக்கு போடறது' என்போம். அவனுக்கு இரண்டு சாயங்காலம் போதும்.

அழுக்குக்காக அவன் எதையும் போட்டோ எடுப்பான். சேக்காட்டில் ஒரு கேட், பூந்தமல்லியில் நிற்கும் லாரியின் டேங்க், எங்கே துரு இருந்தாலும் வண்டியை நிறுத்திவிடுவான். நிஜத் துருவையும் பூசிய துருவையும் பத்தடி தூரத்திலிருந்தே பிரித்துச் சொல்வான். நாங்கள் சேர்ந்திருந்த ரயில் மாடல் மன்றத்தில் இதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை.

போன வருடக் கண்காட்சியில் வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "யாரு சார் இந்தத் துரு போட்டது?" வினோத் என் கையைப் பிடித்து முன்னால் இழுத்து, "பெயின்ட் எங்க அண்ணாவோடது சார்" என்பான். அவர்கள் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு மறுபடி துருவின் மேல் குனிவார்கள்.

அதனால் இந்த வருடம் ஓர் இஞ்சினை மட்டும் அழுக்கில்லாமல் வைப்பது என்று முடிவு செய்தேன். சிவப்பு வெள்ளை எலெக்ட்ரிக் இஞ்சின், ஷெட்டிலிருந்து அன்றுதான் வெளியே வந்ததுபோல. வினோத்தும் ஒத்துக்கொண்டான். "உன் இஷ்டம்ணா. மாப்ள மாதிரி பளபளன்னு கீது. தாலி கட்டியாச்சுன்னா தானா அழுக்காயிடும்" என்று சிரித்தான்.

மழை பெய்த மறுநாள் காலை, இஞ்சினின் சிவப்புப் பக்கத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. ஐந்தாவது பூச்சு மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே இறுகியிருக்கவில்லை. ரேகை ஒவ்வொன்றும் தெளிவாக இருந்தது. நடுவில் சாய்வாக ஒரு கோடு அதை வெட்டிக்கொண்டு போயிற்று. நகம் கீறியது என்று எடுத்துக்கொண்டேன். கண்காட்சிக்குப் பதினோரு நாள்தான் இருந்தது. சுரண்டிவிட்டு மறுபடி அடிக்க நேரமில்லை. அது கண்காட்சிக்குப் போகவே இல்லை.

"நான் துணியோடதானே தூக்கினேன், நீயே பாத்தியே" என்றான் வினோத். பிறகு வெளிச்சத்தில் இஞ்சினைத் திருப்பிப் பார்த்தான். "இன்னாத்துக்குக் கவலைப்படற? அந்த எடத்துல லேசா பொகை போட்டா மறைஞ்சிடும்ணா. அஞ்சு நிமிஷ வேலை."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அழுக்கு போட ஒரு காரணம் வேண்டும். காரணத்தை அவனே விரலால் உண்டாக்கிக்கொண்டான்.

அதன் பிறகு அவனைக் கவனித்தேன். வீட்டுக்கு வந்தவுடன் முன்பைவிட அதிக நேரம் கை கழுவினான். நான் மாடியிலிருந்து இறங்கினால் அவனும் கிருஷ்ணப்பிரியாவும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருநாள் சாப்பிடும்போது ரேகையைப் பற்றி மறுபடி கேட்டேன்.

"ஐயோ சாமி, ஆதார் மெஷின் எட்துகினு வா, ரேகைய வெச்சிப் பாத்துரலாம்" என்றான். கிருஷ்ணப்பிரியா சிரித்தாள். "அவரு தொட்டிருந்தா ஒத்துக்குவாரு மாமா. வாய் சும்மா இருக்காது."

"நீயே மறதியில தொட்டுட்டியோ இன்னாவோ" என்றான் வினோத், ரசத்தை ஊற்றிக்கொண்டே.

நான் கையுறை இல்லாமல் பூச்சைத் தொடுவதில்லை. இருபத்தாறு வருடப் பழக்கம். செய்ததைச் செய்ததோடு விட்டிருந்தால் மன்னித்திருப்பேன். பழியை என் பக்கம் தள்ளியதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

மொட்டை மாடியில், படிக்கட்டு அறையின் மேல் தண்ணீர்த் தொட்டி. அதற்குப் போக வெளிச்சுவரில் இரும்பு ஏணி. மாடி விளிம்பை ஒட்டி இருப்பதால், தவறினால் இரண்டு மாடிக்குக் கீழே சிமெண்ட் தரை. மாதத்தின் முதல் ஞாயிறு வினோத் தொட்டி கழுவுவான். அந்த முறை அதற்கு முந்தைய இரண்டு சனிக்கிழமைகளும் அவர்கள் சென்னீர்குப்பத்தில் கிருஷ்ணப்பிரியாவின் தாய்வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஒன்பதாம் படியை இரண்டு முனையிலும் முக்கால்வாசி அறுத்தேன். என் வலது கட்டைவிரலில், சின்ன வயதில் தகரம் கிழித்த தழும்பு சாய்வாகக் குறுக்கே இருக்கிறது. அதனால் ரம்பத்தை அழுத்திப் பிடிப்பது சிரமம். நேரமாயிற்று.

அறுத்த வெட்டை மக்குப் பசை வைத்து அடைத்தேன். பிறகு துரு பூசினேன். அவன் செய்யும்போது பார்த்தது எல்லாம் ஞாபகம் இருந்தது. அடியில் கரும்பழுப்பு, அதன்மேல் உப்பு தூவி ஆரஞ்சு, காய்ந்தபின் உப்பை உதிர்த்து, செங்கல் பொடி. மழைநீர் வழிந்த தடம்கூட வரைந்தேன். வாழ்க்கையில் நான் போட்ட முதல் அழுக்கு அது.

ஞாயிறு காலை அவன் ஏறினான். நான் வாளியோடு ஏணியடியில் நின்றேன். "பாத்து ஏறுடா" என்று சொன்னேன். அதையும் மறைக்கவில்லை. ஒன்பதாம் படி முகத்துக்கு நேராக வந்ததும் அவன் நின்றான். கண்டுபிடித்துவிட்டான் என்று நினைத்தேன். அவன் பையிலிருந்து செல்போனை எடுத்தான்.

"அண்ணா, இந்தத் துருவ வந்து பாரேன். இன்னாமா வந்துக்கீது! நம்ம ஊட்லயே இத்த வெச்சிகினு நான் ஊரெல்லாம் தேடிகினு கீறேன்."

போட்டோ எடுத்தான். போனைப் பையில் போட்டான். பிறகு அந்தப் படியைப் பிடித்தான்.

போன வாரம் கிருஷ்ணப்பிரியா அந்தப் படத்தை என்னிடம் காட்டினாள். போன் கண்ணாடி விரிசல் விட்டிருந்தாலும் படம் நன்றாகத் தெரிந்தது. அவன் கடைசியாக எடுத்தது என்பதால் மன்றத்தில் அதைப் பெரிதாக்கி, அவன் பெயர் போட்டு, அடுத்த கண்காட்சியில் மாட்டப்போகிறார்களாம். கீழே எழுதும் வாசகத்தையும் படித்துக் காட்டினாள். மழையும் வெயிலும் பூசிய துரு. "நல்லாருக்கா மாமா?" என்று கேட்டுவிட்டு அழுதாள். அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

அது மழையும் வெயிலும் பூசியது அல்ல. நான் பூசியது. என் தம்பியைக் கொன்றது நான். அந்த வாசகத்தை மாற்ற வேண்டும்.

இஞ்சினை இத்துடன் ஒப்படைக்கிறேன். அதில் உள்ள ரேகையை வினோத்தின் ஆதார் ரேகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். யார் ஆரம்பித்தது என்று தெரியும். என் ரேகையை எடுக்க வேண்டிய தேவை இல்லை. நேற்றும் அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அழுக்கு ஒரு துளி இல்லை. கட்டைவிரல் ரேகை அப்படியே இருக்கிறது, அதைச் சாய்வாக வெட்டிப்போகும் அந்தக் கோடும்.