பருத்தித் தும்பிக்கை

உங்கள் ஸ்டேஷனில் எறும்புத் தொல்லை அதிகம், மேடம். மேஜையின் நாலு கால்களுக்கும் அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் ஏறாது. என் வீட்டில் அப்படித்தான் வைத்திருக்கிறேன். எறும்பு மருந்து, பூச்சி மருந்து எதையும் வீட்டுக்குள் விடுவதில்லை. குழந்தைகள் புழங்குகிற இடம். மருந்து என்றாலே எனக்குப் பயம்.

என் பெயர் மங்கம்மா என்று உங்கள் ஏட்டம்மா எழுதிக்கொண்டார். தொழில் என்ற இடத்தில் ‘ஆயா’ என்று எழுதியிருக்கிறார். அதை மட்டும் திருத்தச் சொல்லுங்கள். ஆயா என்றால் அடுத்தவர் பிள்ளைக்குச் சோறூட்டி மூத்திரத் துணி துவைப்பவள். நானும் அதைத்தான் செய்கிறேன், இருந்தாலும் என்னிடம் பிள்ளை விடுகிற பெண்கள் ‘டே கேர்’ என்றுதான் சொல்வார்கள். சிப்காட்டுக்குப் போகிற கம்பெனி பஸ் எங்கள் தெருமுனையில்தான் நிற்கும். காலையில் பிள்ளையை என் கையில் திணித்துவிட்டு, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே ஓடுவார்கள். சாயங்காலம் அதே பஸ்ஸில் வந்திறங்கி வாங்கிப் போவார்கள்.

நீங்கள் என்னைக் கூப்பிட்டது ஹரிணிக்காக. சுசித்ராவின் மகள், இரண்டு வயது. நேற்றுச் சாயங்காலத்திலிருந்து ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறாள். பிழைப்பாளா மாட்டாளா என்று டாக்டர் வாயைத் திறக்கவில்லை. அதற்குக் காரணம் என்று அதோ, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிற வெங்கடம்மாளைப் பிடித்துவைத்திருக்கிறீர்கள். அவள் ஹரிணியின் அத்தை. அஞ்செட்டியிலிருந்து தம்பி வீட்டுக்கு வந்தவள், காலையில் குழந்தைக்கு ஜாதிக்காய் உரசிக் கொடுத்தாளாம். அந்த மயக்கம்தானாம். அவளே ஒப்புக்கொண்டுவிட்டாளாம். சாட்சி சொல்ல என்னை வரச் சொன்னீர்கள். சொல்கிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்வேன்.

முதலில் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கங்கப்பன் என்று பெயர். ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி, எப்போதும் நைட் ஷிஃப்ட். பகலெல்லாம் தூங்குவார். கம்பெனி கேட்டைக் காப்பதைவிடத் தன் தூக்கத்தைக் காப்பதில் அவர் கெட்டிக்காரர். எங்களுக்கு இருப்பது ஓர் அறையும் ஒரு கூடமும். அறையில் அவர், கூடத்தில் பிள்ளைகள். ஒரு குழந்தை சிணுங்கினால் மற்றவை எல்லாம் பின்பாட்டுப் பாடும். உடனே அறைக்குள்ளிருந்து சத்தம் வரும்.

“ஏமே மங்கம்மா! இது வீடா, ஓசூர் பஸ் ஸ்டாண்டா? அதுங்க வாயில எதையாச்சும் வெச்சு அடைடி!”

புருஷன் சொன்னதைக் கேட்டு நடப்பது இந்த ஊரில் இன்னும் குற்றமாகவில்லை என்று நினைக்கிறேன்.

ஒரு மழைக்காலத்தில் அவருக்குச் சளி பிடித்தது. டாக்டர் ஒரு மருந்து எழுதிக்கொடுத்து, “இதக் குடிச்சா தூக்கம் வரும், டூட்டிக்குப் போறப்ப குடிக்காதீங்க” என்று படித்துப் படித்துச் சொன்னார். நம்மவர் டூட்டிக்குப் போகும்போதுதான் குடித்தார். கேட்டில் நின்றபடியே கண் சொக்கி, மேலதிகாரியின் காருக்குச் சல்யூட் அடிப்பதற்குப் பதிலாக அதன்மேலேயே சாய்ந்துகொண்டாராம். மெமோ கொடுத்தார்கள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. மிச்ச மருந்து அலமாரியில் இருந்தது. முகர்ந்து பார்த்தேன், ஆரஞ்சு மிட்டாய் வாசனை. கீழே ஊற்ற மனசு வரவில்லை. நான் எதையும் வீணாக்குவதில்லை.

அவசரப்பட்டு எழுதாதீர்கள், மேடம். நான் எந்தக் குழந்தைக்கும் மருந்து கொடுத்ததில்லை. ஸ்பூனில் ஊற்றி வாயில் விடுகிற பெண்கள் இருக்கிறார்கள், பேப்பரில் படிக்கிறோம். அவர்களைத் தூக்கில் போட வேண்டும். நான் செய்தது குரோஷா பொம்மை, கொக்கி ஊசியில் நூல் பின்னிச் செய்வது.

பள்ளிக்கூடத்தில் டேபிள் துணி பின்னக் கற்றுக்கொண்டது, பிறகு போனில் வீடியோ பார்த்துப் பொம்மைக்கு வந்தேன். தலை மட்டும் பொம்மையாக இருக்கும், உடம்புக்குப் பதில் கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரிய போர்வை தொங்கும். குழந்தை அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தூங்கலாம். பஞ்சு பிதுங்கி வெளியே வராதபடி இறுக்கமாகப் பின்னுவேன். பொத்தான் கண் வைக்க மாட்டேன், பிய்த்து விழுங்கிவிடும் என்று கறுப்பு நூலில் கண் தைப்பேன். கடையில் விற்கிற பொம்மைகளைப் பார்த்தால் எனக்குப் பகீரென்று இருக்கும். ஒருவனுக்கும் பிள்ளைகள்மேல் அக்கறை கிடையாது.

முதலில் முயல் பின்னினேன். உதவவில்லை. காதைப் பிடித்து இழுத்தார்களே தவிரச் சப்பவில்லை. அப்போதுதான் சானமாவுக் காட்டில் யானைக் கூட்டம் வந்திருக்கிறது என்று எல்லோர் போனிலும் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் “ஆனை, ஆனை” என்று குதித்தார்கள். எனக்குச் சட்டென்று புத்தியில் பட்டது. யானைக்குத் தும்பிக்கை இருக்கிறது. சின்னக் குழந்தையின் வாய்க்கு அளவாக அதைப் பின்னலாம்.

சற்று முன், ஆஸ்பத்திரியிலிருந்து ஹரிணியின் துணிமணியோடு வந்து உங்கள் மேஜைமேல் பிளாஸ்டிக் கவருக்குள் இருக்கிற யானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “உடம்பெல்லாம் உல்லன், தும்பிக்க மட்டும் ஏன் வேற நூலு?” என்று கேட்டீர்கள். இத்தனை பேர் அந்த யானையைத் தூக்கிக் கொஞ்சியிருக்கிறார்கள், ஒருத்தி கேட்டதில்லை. உங்களுக்கும் குரோஷா தெரியும் போலிருக்கிறது. உல்லன் ஈரம் வாங்காது, மேடம். மேலே ஊற்றினால் வழிந்து ஓடிவிடும். பருத்தி நூல் குடிக்கும். அதனால் தும்பிக்கையைப் பருத்தியில் பின்னி, உள்ளே மருந்துக்கடைப் பஞ்சு வைத்தேன். சளி மருந்தில் தோய்த்து நிழலில் உலர்த்தி வைத்தால் தொட்டுப் பார்க்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது. குழந்தை சப்பச் சப்ப எச்சிலில் ஊறிக் கொஞ்சம் கொஞ்சமாக வரும். அதுகூடக் குழந்தை இஷ்டப்பட்டால்தான். வேண்டாம் என்றால் சப்பாமல் இருந்திருக்கலாம். நான் யாரையும் கட்டாயப்படுத்தியதில்லை.

அதன் பிறகு என் வீட்டை வந்து பார்த்திருக்க வேண்டும் நீங்கள். பத்து மணிக்குச் சோறூட்டி யானையைக் கையில் கொடுத்தால் ஊசி விழுந்தாலும் கேட்கும். கங்கப்பன் குறட்டை ஒன்றுதான் சத்தம். தாய்மார்களுக்கு ஒரே ஆச்சரியம். “உங்க கைராசிதாங்க்கா, எங்கிட்ட இருந்தா ராட்சசி மாதிரி ஆடறா” என்பாள் அனிதா. அவளுடைய மாதேஷும் என்னிடம்தான் வளர்ந்தான். பேசுகிற வயசு தாண்டியும் இன்னும் அவனுக்குப் பேச்சு வரவில்லை. அமைதியான பிள்ளை.

ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தேன். யானை என் வீட்டைத் தாண்டக் கூடாது. “சானமாவு ஆனையா இருந்தாலும் சரி, என் ஆனையா இருந்தாலும் சரி, வெளிய வந்தா எல்லாருக்கும் தொந்தரவுதான்” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவேன். எல்லோரும் சிரித்துவிட்டுப் போவார்கள். சுசித்ரா மட்டும் கேட்கவில்லை. எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் நாளெல்லாம் நின்றுகொண்டே வேலை பார்க்கிறவள். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் தூங்கலாம் என்றால் ஹரிணி விடுவதில்லையாம். யானை யானை என்று கத்தல். சனிக்கிழமை சாயங்காலம் வந்து கெஞ்சினாள்.

“ஒரே ஒரு நாள் குடுங்கக்கா. நானும் மனுசிதானே, கண்ணெல்லாம் எரியுது.”

இரக்கப்பட்டுக் கொடுத்துவிட்டேன். மேடம், இந்த விவகாரத்தில் நான் செய்த தப்பு என்று ஒன்று இருந்தால் அதுதான்.

திங்கட்கிழமை யானையைத் திருப்பித் தந்தாள். வெள்ளையாக, பூப்போல, சோப்புப் பவுடர் வாசனையோடு இருந்தது. “தும்பிக்க பூரா எறும்புக்கா. எச்சி ஊறி நாத்தம் வேற. அண்ணி சுடுதண்ணியில போட்டு அலசிட்டாங்க” என்றாள். அண்ணி என்றால் அதோ அந்த வெங்கடம்மாள்தான். அஞ்செட்டியில் மாடு குளிப்பாட்டுகிற கை, தேய்த்த தேய்ப்பில் தும்பிக்கை கோணிக்கொண்டுவிட்டது. அடுத்தவள் கஷ்டப்பட்டுப் பின்னியதை இப்படியா போட்டுத் தேய்ப்பது? எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. காட்டிக்கொள்ளவில்லை.

அன்று ஹரிணி தும்பிக்கையை வாயில் வைத்தாள், எடுத்தாள், என் முகத்தைப் பார்த்தாள், தூக்கி எறிந்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள். அப்படி ஓர் அழுகையை நான் கேட்டதில்லை. மற்றவர்களும் விழித்துக்கொண்டார்கள். கங்கப்பன் எழுந்து வந்து, லுங்கியைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நின்று, நாளைக்கும் இப்படி இருந்தால் பிள்ளைகளையும் என்னையும் சேர்த்துத் தெருவில் வைப்பேன் என்றார். தூக்கம் கெட்டால் அவர் சொன்னதைச் செய்கிற ஆள்.

அதனால் மறுநாளைக்கு நன்றாகத் தோய்த்தேன். துவைத்ததில் எல்லாம் போய்விட்டதே, சரிக்கட்ட வேண்டாமா? புதுப் பாட்டில் வாங்கித் தம்ளரில் ஊற்றி, தும்பிக்கையை அதில் தலைகீழாக நிறுத்திவைத்தேன். காலையில் எடுத்தபோது கனமாக இருந்தது. உலர்த்த நேரமில்லை. ஹரிணி அன்றைக்கு அதைக் கீழே வைக்கவே இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாள்கூட. மத்தியானச் சோற்றுக்கு எழுப்பினேன், எழவில்லை. தூங்கட்டும், நேற்றைய தூக்கமும் பாக்கியிருக்கிறது என்று விட்டுவிட்டேன். வீடு கோயில் மாதிரி இருந்தது. கோயிலில்கூட மணி அடிக்கிறார்கள்.

சாயங்காலம் சுசித்ரா வந்து தூக்கினாள். தலை ஒரு பக்கமாகத் தொங்கியது.

“ஹரிணி... ஹரிணிம்மா... அக்கா, ஏன்க்கா இது கண்ணத் தொறக்க மாட்டேங்குது? ஒடம்பெல்லாம் சில்லுனு இருக்குதுக்கா!”

நல்ல தூக்கம் என்றேன். அவள் கேட்கவில்லை. ஆட்டோவில் நானும்தான் ஏறிப் போனேன். பாதியில் விட்டுவிட்டு வருகிற பழக்கம் எனக்கில்லை. யானை ஹரிணியின் கைக்குள்ளேயே இருந்தது. எடுத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன், சுசித்ரா இரண்டையும் சேர்த்து நெஞ்சோடு அணைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர், “குழந்தைக்கு என்ன கொடுத்தீங்க?” என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டார். அதற்குள் வெங்கடம்மாளும் அவள் தம்பி முனிவேலும் வந்துவிட்டார்கள். முனிவேல்தான் ஹரிணியின் அப்பா. நான் பொய் எதுவும் சொல்லவில்லை. காலையில் பிள்ளையை விடும்போது சுசித்ரா சொன்னதை வைத்து ஒரு கேள்விதான் கேட்டேன்.

“காலையில நீங்க ஏதோ ஒரசி ஊத்துனீங்களாமே, வெங்கடம்மா?”

அவள் முகம் செத்துப்போனது. “ஜாதிக்கா... ரெண்டு இழைப்பு... கொழந்த நேத்தெல்லாம் அழுதுச்சேன்னு... எங்கூர்ல எல்லாரும் குடுக்கறதுதானுங்களே...” என்றாள். இந்த ஜனங்களுக்கே உள்ள கோளாறு இது. தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துவருகிற ஒன்றை, படித்தவர் ஒருவர் முறைத்துப் பார்த்தால் போதும், விஷம் என்று தாங்களே நம்பிவிடுவார்கள். டாக்டர் நாட்டு மருந்தைப் பற்றிக் கத்தினார். ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் முனிவேல் அக்காவை அறைந்தான். அவள் வாங்கிக்கொண்டு, “நாந்தாஞ் சாமி கொன்னுட்டேன், என்னக் கொன்னுபோடு” என்றாள். நான்தான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். ஓரமாக உட்காரவைத்து முதுகைத் தடவிக்கொடுத்தேன். “தெரியாமத்தானே செஞ்சீங்க” என்று ஆறுதல் சொன்னேன். வேறு யாரும் அவள் பக்கத்தில்கூட வரவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவளை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். இன்றைக்கு உங்களிடம் சாட்சி சொல்ல வந்து அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது உங்கள் ஏட்டம்மா இன்னொருவரிடம் சொன்னது காதில் விழுந்தது. “பாவம் அந்த டே கேர் அம்மா. அங்க அந்தப் பாப்பா நல்லாத் தூங்குச்சுன்னு சொன்னாங்களே, அதுவும் இந்த ஜாதிக்காய் வேலையாத்தான் இருக்கும்.” எனக்குச் சுருக்கென்றது. வெங்கடம்மாள் ஊரிலிருந்து வந்தே சில நாள்தான் ஆகிறது. நான் பார்த்துப் பார்த்துத் தைத்து, எத்தனையோ யானைகளைப் பிரித்துப் பின்னித் திருத்திக் கண்டுபிடித்த வேலை அது. அதைப் போய் மாட்டுக்காரி ஒருத்தியின் இரண்டு இழைப்புக்குத் தூக்கிக் கொடுப்பார்களா? அவளை அனுப்பிவிடுங்கள். ஒரு குழந்தையை ஒழுங்காகத் தூங்கவைக்க அவளுக்குத் தெரியாது. ஹரிணியைத் தூங்கவைத்தது நான். முன்பும் நான்தான், நேற்றும் நான்தான். நம்பிக்கை இல்லையென்றால் உங்கள் மேஜையைப் பாருங்கள். கவருக்குள் எறும்பு வரிசை தும்பிக்கைக்குத்தான் போகிறது. காதுக்கு ஒன்றுகூடப் போகவில்லை.

மிச்ச மருந்து எங்கள் அலமாரியில் கீழ்த்தட்டில் இருக்கிறது. ஆள் அனுப்பினால் கதவை மெதுவாகத் தட்டச் சொல்லுங்கள், அவர் தூங்கிக்கொண்டிருப்பார்.

இப்போது ஏட்டம்மா வந்து உங்கள் காதில் சொன்னதை நானும் கேட்டேன். ஹரிணி கண் விழித்துவிட்டாளாம். வெங்கடம்மாள் கேட்டுவிட்டுத் தரையில் விழுந்து கும்பிடுகிறாள், பாருங்கள். நல்ல செய்திதான், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் விழித்ததிலிருந்து ஒரே அழுகையாம், பெற்றவள் தூக்கினாலும் நிற்கவில்லையாம். ஆஸ்பத்திரியே அதிர்கிறதாம்.

அந்தக் கவரை இப்படிக் கொடுங்கள், மேடம். அல்லது யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். இத்தனை நாள் என்னிடம் அந்தக் குழந்தை எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சுசித்ராவுக்கு இப்போதாவது புரிந்திருக்கும்.