மாத்திரை ஜாடி

இந்த அறையில் வெளிச்சம் கொஞ்சம் அதிகம், மேடம். குறையாகச் சொல்லவில்லை. எந்த அறைக்குள் நுழைந்தாலும் இங்கே ஒருவருக்குத் தூக்கம் வருமா வராதா என்று பார்ப்பது என் பழக்கம். இங்கே வராது. தலைக்கு மேலே அந்தக் குழல்விளக்கு வேறு ஓயாமல் இரைகிறது. உங்களுக்குப் பழகிப்போயிருக்கும்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன். நேற்று எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில் பொய் எதுவும் இல்லை. விட்டுப்போனது கொஞ்சம் இருக்கிறது.

என் வீட்டு முன்னறையில் இரண்டு கட்டில்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு காந்தப் பாய். பாய்க்குள் செம்புக் கம்பிச் சுருள். மின்சாரம் விட்டுவிட்டுப் பாயும்போது காந்த அலை எழும்பி அடங்கும். மூட்டு வீக்கம் வடியும், தூக்கம் வரும் என்று இயந்திரத்தோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. படுத்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது, சூடு இல்லை, சத்தம் இல்லை. அதனால் புதிதாக வருகிறவர் கையில் ஒரு குட்டிக் காந்தத்தைக் கொடுத்துப் பாய்க்கு மேலே பிடிக்கச் சொல்வேன். விரல் நடுவே அது கிடுகிடுவென்று நடுங்கும். அதைப் பார்த்தவுடன் பாதிப் பேர் நம்பிவிடுவார்கள். சிலருக்கு வலி குறைந்தது, சிலருக்குக் குறையவில்லை. இயந்திரத்தின் மேல் நான் பழி போட மாட்டேன். அது யாரையும் ஒன்றும் செய்யவில்லை.

அதற்கு முன்னால் பதினோரு வருடம் அச்சகத்தில் இரவு வேலை பார்த்தேன். பகலில் தூங்கு, இரவில் விழி என்று உடம்பைப் போட்டுப் புரட்டியதில், கடைசியில் இரண்டு வேளையும் தூக்கம் போய்விட்டது. நீங்கள் தொடர்ந்து மூன்று நாள் தூங்காமல் இருந்திருக்கிறீர்களா, மேடம்? நான்காம் நாள் சுவர் மூச்சு விடுவது தெரியும். யாரோ நம் பெயரைச் சொல்லி அழைத்தால் அது வேறு யாருடையதோ என்று தோன்றும். சாவுக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை. பிறகு இந்தப் பாயில் படுத்தேன், நன்றாகத் தூங்கினேன், மாத்திரைகளைத் தூக்கி எறிந்தேன். வருகிறவர்களிடம் இந்தக் கதையைத்தான் சொல்வேன். தெருவில் எனக்குத் தூக்க மாஸ்டர் என்று பெயர்.

ஜாடியைப் பற்றிக் கேட்டீர்கள். அது வாசல் கதவை ஒட்டி ஒரு முக்காலியின் மேல் இருக்கும். அந்தப் பழக்கத்தை ஆரம்பித்தது நான் இல்லை, ஓய்வுபெற்ற தபால்காரர். பத்து நாள் பாயில் படுத்த பிறகு ஒரு சாயங்காலம் சட்டைப் பையிலிருந்து தூக்க மாத்திரைப் பட்டையை எடுத்து, "இனிமே இந்தச் சனியன் எனக்கு வேணாம் மாஸ்டர், நீங்களே வச்சுக்குங்க" என்று காலி ஜாடி ஒன்றில் போட்டார். காத்திருந்தவர்கள் கை தட்டினார்கள். அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. ஒரு வாரம் நன்றாகத் தூங்கினவர்கள் மிச்ச மாத்திரைகளைக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் போடுவார்கள், மற்றவர்கள் கை தட்டுவார்கள். பெரியவர்கள்கூட முகம் சிவந்து நிற்பார்கள். நான் யாரையும் போடச் சொன்னதில்லை. போடாதவர்களிடம் ஜாடியைப் பற்றிப் பேசியதும் இல்லை. அவர்கள் பக்கம் பார்ப்பேன், அவ்வளவுதான்.

"இம்புட்டுப் பேரு போட்டும் இது நிறைய மாட்டேங்குதே, ஜாடி ஓட்டையா மாஸ்டர்?" என்று தபால்காரர் அடிக்கடி கிண்டல் செய்வார். எறும்பு வந்துவிடும், அதனால் சனிக்கிழமை தோறும் நானே கவிழ்த்துச் சுத்தம் செய்கிறேன் என்பேன். கொட்டிவிட்டு, பார்வைக்கு அடியில் ஒரு பிடி மட்டும் விட்டுவைப்பேன். எல்லோரும் சிரிப்பார்கள்.

டைலரம்மா வந்தது மழைக்காலத்தின் தொடக்கத்தில். பக்கத்துத் தெரு, ஐம்பத்தைந்து வயது இருக்கும். விரல் கணுக்கள் எல்லாம் வீங்கி, கத்தரிக்கோலைப் பிடிக்கும்போது உதட்டைக் கடித்துக்கொள்வார். கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் மகள்தான் கூட்டிவந்தாள். நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது அவள் குனிந்து, "சார், அம்மா ஆறு வருஷமா ஸ்டீராய்டு மாத்திரை போடுறாங்க. இதை மட்டும் திடீர்னு நிறுத்தவே கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லியிருக்கார்" என்றாள். எழுதிக்கொண்டேன். நீங்கள் காட்டிய பக்கத்தில் இருக்கும் வரி அதுதான். அது என் கையெழுத்துதான், அடியில் கோடு போட்டதும் நான்தான்.

எனக்கு அந்த அம்மாவைப் பிடித்திருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வாயைத் திறந்தால் சிரிக்கவைப்பார். தபால்காரரின் சட்டைக் காலரைப் பார்த்து, "இதைத் தைச்சவன் உங்க மேல என்ன கோவத்துல இருந்தான்?" என்று கேட்டார். மூன்றாம் வாரம் விரல்களை மடக்கி முஷ்டியாக்கிக் காட்டினார். இரவில் ஏழு மணி நேரம் தூங்கினதாகச் சொன்னார். கண்ணில் தண்ணீர் நின்றது, எனக்கும்தான்.

"அப்போ ஜாடி எப்போ டைலரம்மா?" என்றார் தபால்காரர்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அடிக்கோடு போட்ட வரி மேஜை மேல் என் கைக்குக் கீழேதான் இருந்தது. ஆனால் அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவருக்கு வேண்டாம் என்றால், மற்றவர்கள் தங்கள் மாத்திரையைப் பற்றி யோசிக்க ஆரம்பிப்பார்கள். "உங்க உடம்பு உங்களுக்குத் தெரியாதா?" என்று சிரித்தேன். மறுநாள் அவர் புதிதாக வாங்கிய ஒரு மாத மாத்திரையையும் குப்பியோடு கொண்டுவந்து ஜாடியில் கவிழ்த்தார். சின்னச் சின்ன வெள்ளை மாத்திரைகள், மணி உருளும் சத்தம் கேட்டது. எல்லோரையும்விட அவருக்குத்தான் அதிகம் கை தட்டினார்கள். மகளிடம் இப்போது சொல்லப் போவதில்லை, ஒரு மாதம் கழித்துக் காலிக் குப்பியைக் காட்டி அசத்தப் போகிறேன் என்றார். அது வெள்ளிக்கிழமை.

அடுத்த நாட்களில் அவருடைய தூக்கம் கூடியது. ஒன்பது மணி நேரம், பிறகு பதினொன்று, பிறகு பதின்மூன்று. ஒவ்வொன்றையும் குறித்துவைத்தேன், எல்லோருக்கும் படித்தும் காட்டினேன். சாப்பாடு இறங்கவில்லை, குமட்டுகிறது என்றார். உடம்பிலிருக்கிற மருந்து வெளியேறுகிறது என்றேன். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை, வாயில் வந்தது, சொன்னேன். தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறேன் என்றார். இத்தனை வருடக் கடனை உடம்பு தீர்த்துக்கொள்கிறது என்றேன். அது இன்னும் அழகாக இருந்தது, அதனால் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஆனால் முகம் வெளிறிக்கொண்டே போனதை நான் பார்க்காமல் இல்லை, மேடம். அவர் கட்டிலிலிருந்து எழும்போதெல்லாம் நான் குறிப்பேட்டில் குனிந்துகொள்வேன்.

எட்டாம் நாள் யாரும் வருவதற்கு முன்னால் வந்துவிட்டார். அன்று வெயில் நன்றாக அடித்தது, அவர் சால்வை போர்த்தியிருந்தார். நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

"மாஸ்டர், எனக்குப் பயமா இருக்கு. எந்திரிச்சா கண்ணு இருட்டுது. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. இது தூக்கம் இல்ல மாஸ்டர், யாரோ என்னைக் கீழ இழுக்கிற மாதிரி இருக்கு. என் மாத்திரையைத் திருப்பிக் குடுத்துடுங்க."

"கடையில வாங்கிக்கலாமே" என்றேன்.

"டாக்டர் சீட்டு மகள்கிட்ட இருக்கு. நிறுத்தினேன்னு தெரிஞ்சா என்னைக் கொன்னே போடுவா. கைதட்டலுக்கு ஆசைப்பட்டுக் கூத்தடிச்சது நானு. காதும் காதும் வச்ச மாதிரி குடுங்க, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

காலிக் குப்பியை நீட்டினார். அவர் விரல்களுக்கு நடுவே அதன் மூடி டக்டக்கென்று அடித்துக்கொண்டது.

மாத்திரை என்னிடம் இல்லை, மேடம். அவர் போட்ட மறுநாள் சனிக்கிழமை. ஜாடியைக் கவிழ்த்து, அந்த வெள்ளை மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டித் தண்ணீர் விட்டிருந்தேன். இதைச் சொல்லியிருந்தால் ஏன் கொட்டினீர்கள், மற்றவர்களுடையது எங்கே என்று கேட்டிருப்பார். அவர் கேட்டால் தபால்காரர் கேட்பார். உள்ளே போய் அலமாரியைத் திறந்தேன். நான் காலையில் சாப்பிடுகிற வைட்டமின் மாத்திரை ஒரு டப்பா இருந்தது. அதே வெள்ளை, கிட்டத்தட்ட அதே அளவு. குப்பியில் நிரப்பி மூடிக் கொண்டுவந்து கொடுத்தேன்.

ஒன்றை அங்கேயே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார். "இப்பவே தெம்பு வந்த மாதிரி இருக்கு. நல்லா இருங்க மாஸ்டர்" என்றார். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தக் கை ஜில்லென்று இருந்தது.

இரண்டு மூன்று நாளில் நயமாகப் பேசி மகளிடம் சொல்லவைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு மகள் அழைத்தாள். மெஷின் மேலேயே சரிந்து கிடக்கிறார், கூப்பிட்டால் முனகுகிறார், கூட வர வேறு ஆள் இல்லை என்றாள். ஓடினேன். வண்டியில் அவர் தலை என் மடியில்தான் இருந்தது.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் டாக்டர் வெளியே வந்து கேட்டார். "தினமும் போடுற ஸ்டீராய்டை இடையில நிறுத்தினாங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, இது ரொம்ப முக்கியம்."

"இல்ல டாக்டர். இன்னைக்குக் காலையிலகூட என் கண்ணு முன்னாடி போட்டாங்க" என்றாள் மகள்.

அந்த டாக்டருக்கு ஏதோ பொறி தட்டியிருக்க வேண்டும். என் பக்கம் திரும்பினார். "நீங்க தினமும் பார்க்கிறவர்தானே? நிச்சயமா போட்டாங்களா?"

என் மேல் எனக்கே ஒரு வாடை அடித்தது, பயத்துக்கு வாடை உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் சொல்வதை நம்புவதற்குத் தயாராக. "ஒருநாள்கூட தவறாம போட்டாங்க" என்றேன்.

டாக்டர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். வேறு காரணம் தேட ஆரம்பித்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை அந்தக் கதவு வரைக்கும் எழுந்து போனேன். இரண்டு தடவையும் ஒரு நர்ஸ், "என்ன வேணும்?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்று திரும்பி வந்தேன். நாலு மணிக்கு முடிந்துவிட்டது. சரியான ஊசி ஒன்று நேரத்தில் போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று நேற்று நீங்கள்தான் சொன்னீர்கள். நான் அதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை என்பதை நீங்கள் கவனித்தீர்கள், நானும் கவனித்தேன்.

குப்பியைத் திறந்து மோந்து பார்த்தது மகள்தான். வைட்டமினுக்கு ஒரு வாடை இருக்கிறதல்லவா. கெட்டிக்காரப் பெண். என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. "அவங்க உங்களை அவ்ளோ நம்பினாங்களே சார்" என்று மட்டும் சொன்னாள்.

நேற்று எழுதிக் கொடுத்ததில், பாயை நம்பி வருகிற அறுபது பேரின் தூக்கம் கெட்டுவிடக் கூடாது என்றுதான் மறைத்தேன் என்று போட்டிருக்கிறேன். அந்த வரியை அடித்துவிடுங்கள். சனிக்கிழமை நான் ஜாடியைக் கவிழ்த்தது எறும்புக்காக இல்லை. மாத்திரைகளைச் செய்தித்தாளில் பரப்பி, தூக்க மாத்திரைகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, மற்றதைக் கொட்டிவிடுவேன். பாய் வந்த நாளிலிருந்து அதில் நானும் தினம் படுக்கிறேன். எனக்கு ஒரு நாள்கூடத் தூக்கம் வந்ததில்லை. எனக்கு எந்த டாக்டரும் மாத்திரை எழுதிக் கொடுப்பதில்லை, அளவுக்கு மீறிவிட்டதாம். அவர்கள் ஜாடியில் போட்டால்தான் எனக்கு உண்டு. ஒருவர் திருப்பிக் கேட்டால் எல்லோரும் கேட்பார்கள். அந்த அம்மா வாசலில் நின்று 'பயமா இருக்கு' என்றபோது, எனக்கு அவரைவிட அதிகப் பயம்.

டைலரம்மாவைக் கொன்றது நான்தான். தெரிந்தேதான் செய்தேன், தாழ்வாரத்தில் இன்னொரு தடவை செய்தேன். எந்தத் தாளைக் கொடுத்தாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

என் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகர டப்பாவை உங்கள் ஆட்கள் எடுத்து முத்திரை வைத்தார்கள். நான் கண்ணை மூடி இன்றோடு மூன்று நாள் ஆகிறது. நாளைக்கு நான்காம் நாள், மேடம். அந்தச் சுவரை இப்போதே என்னால் பார்க்க முடியவில்லை. டப்பாவில் மஞ்சள் மாத்திரை இருக்கும், இரண்டே இரண்டு கொடுக்கச் சொல்லுங்கள். எடுக்கிறவர் மாற்றி வைட்டமினைக் கொடுத்துவிடாமல், நீங்களே பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.