ஜாடை இருக்கு, சொந்தம் இல்ல

— கண்ணை மூடாதீங்க சார். இந்த அட்டையில என்ன படம்?

— குதிரை. மண்டையைத் திறந்து வெச்சுட்டு, கண்ணை மட்டும் மூடக்கூடாதாம்மா?

— வலிக்குதா?

— வலி இல்ல, பயம்தான்.

— அப்ப ஆபரேஷன் முடியற வரைக்கும் பேசுங்க. அகராதி எழுதறவர்தானே, குதிரைக்கு ஒரு கதை சொல்லுங்க.

— பழந்தமிழ்ல ‘மா’ன்னாலும் குதிரை. சீனத்துலயும் ‘மா’ன்னா குதிரை.

— அப்ப ரெண்டும் ஒண்ணா?

— அங்கதான் ஏமாறக்கூடாது. ஜாடை இருக்கு, சொந்தம் இல்ல. வாயில வர்ற ஒலி கொஞ்சம், பாஷைங்க ஆயிரக்கணக்கு. குட்டிச் சொல்லெல்லாம் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கத்தான் செய்யும்.

— சரி, இது?

— கதவு. என் பொண்ணு பாஷையில கரி. நம்ம அடுப்புக் கரிக்கும் அதுக்கும் ஜாடைதான்.

— பொண்ணுக்குத் தனி பாஷையா?

— அவ அம்மாவோட பாஷை, ஜார்ஜியா நாட்டு ஜார்ஜியம். ரெண்டு பேரும் போன மாசம்தான் அங்கேருந்து வந்து சேர்ந்தாங்க. பொண்ணுக்கு ஆறு வயசு. தமிழ்ல தெரிஞ்சது ரெண்டே சொல்லு: வேணும், வேணாம்.

— அது போதுமே சார், குடும்பம் நடத்த!

— என்னை மாமான்னு கூப்பிடுவா. அவங்களுக்கு மாமான்னா அப்பா. தெருவே என் பொண்டாட்டியை ஒரு மாதிரி பாக்குது.

— நீங்க படிவத்துல தமிழ்னு மட்டும்தானே எழுதியிருக்கீங்க?

— பாஷைக்குக் கோடு ஒண்ணுதானே போட்டிருந்தீங்க.

— ஐயா, டாக்டர் பேசறேன். உங்க தலைக்குப் பின்னாடி இருக்கேன். இப்ப மூளையில இருக்கற கட்டிக்குப் பக்கத்துல ஒவ்வொரு இடமா மின்கம்பியால தொடுவேன்.

— தொட்டா என்ன ஆகும் டாக்டர்? விவரமாச் சொல்லுங்க, தெரிஞ்சா பயம் குறையும்.

— பேச்சு நின்னா அந்த இடம் உங்களுக்கு வேணும். விட்டுடுவேன். கம்பியை எடுத்ததும் பேச்சு வந்துடும். நிக்கலைன்னா, அங்க இருக்கற கட்டியை வெட்டி எடுப்பேன்.

— அடடா, அழகான ஏற்பாடு!

— சார், இப்ப கதை வேணாம். தமிழ்ல மட்டும், ஒத்தைச் சொல்லா. இது?

— மரம்.

— இது?

— ம்... ம்ம்...

— நிக்குது. இந்த இடத்தை விட்டுடறேன்.

— கை! கைம்மா! ஐயோ, சொல்லு கண்ணு முன்னாடி நிக்குது, வாயில வரல. செத்துட்டேன்னு நெனச்சேன்.

— அதான் வந்துடுச்சே. இது?

— சாவி.

— இது?

— நாற்காலி.

— ஐயா, இங்க தடங்கலே இல்ல. வெட்ட ஆரம்பிக்கறேன். நேரமாகும், அட்டையைப் பார்த்துச் சொல்லிக்கிட்டே இருங்க.

— ஜன்னல். குடை. செருப்பு. இன்னும் எவ்வளவு நேரம்மா?

— முடியப்போகுது சார். தமிழ் ஒண்ணு விடாம வருது. பழைய அட்டை திரும்ப வந்திருக்கு, பாருங்க.

— கதவு.

— பொண்ணு பாஷையிலயும் சொன்னீங்களே, அதை இன்னொரு தடவை சொல்லுங்க, கேக்கலாம்.

— அதுக்கென்ன... இருங்க. நுனி நாக்குல நிக்குது. இல்ல, நிக்கவும் இல்ல. எதுவுமே இல்ல. டாக்டர், கம்பி வெச்சிருக்கீங்களா?

— ஐயா...

— நல்ல வேளை, பிடிச்சுட்டீங்க! அந்த இடத்தை விட்டுடுங்க. என் பொண்ணுகூடப் பேச எனக்கு வேற வழி கிடையாது. வெளியே உக்காந்திருக்கா, வந்து கேப்பா.

— சார், அவ உங்களை மாமான்னு கூப்பிடுவான்னு சொன்னீங்க.

— மாமாவா? நான் அவளுக்கு அப்பாம்மா! அது ஏதோ ஜாடை... பயமா இருக்கு டாக்டர். கம்பியை எடுங்க, எல்லாம் வந்துடும். எடுங்க!

— கம்பி தட்டுல இருக்குங்க ஐயா. எடுத்து அரை மணி நேரமாச்சு.