கெட்டி ஓட்டு நத்தை

— சுத்தி வளைக்காதம்மா. என் கொல்லைக்கு வேலி போடுவீங்களா, மாட்டீங்களா?

— போட மாட்டோம்யா. அதைச் சொல்லத்தான் மியூசியத்துலேர்ந்து நேரா வர்றேன். உங்க நத்தை தனி இனம் இல்ல.

— போன மாசம் அதிசயம்னே. கையில வெச்சுக்கிட்டுக் கண்ணு கலங்கினே.

— கலங்கினேன்தான். எங்க மியூசியத்துல நூத்து முப்பது வருஷமா மூணே மூணு ஓடு பஞ்சுல சுத்திக் கெடக்கு. அதே மாதிரி ஒண்ணை உசுரோட அன்னிக்குத்தான் பார்த்தேன்.

— உனக்குக் கண்ணீரு, எனக்கு வம்பு. நத்தை கெடக்கிற அந்த மூலை என் தம்பி பங்கு. நாளைக்கு அவன் வந்து கேட்டா, நத்தைக்குக் குடுத்துட்டேன்டான்னா சொல்ல முடியும்?

— தம்பி வெளியூருங்களா?

— நாப்பத்தி ரெண்டு வருஷமா. அதை விடு. அதிசயம் எப்படி ஒரு மாசத்துல சாதாரணமாச்சு, அதைச் சொல்லு. தராசு முள்ளைப் பார்க்காம நான் வெங்காயம்கூட வாங்குறவன் இல்ல.

— ஓட்டை மட்டும் வெச்சு நத்தையை முடிவு பண்ண முடியாதுய்யா. அறுத்து, உள்ளே உறுப்பு எப்படி இருக்குன்னு பார்க்கணும். பார்த்தேன். உள்ளே எல்லாம் தெருவுல ஊர்ற சாதா நத்தைதான்.

— சாதா நத்தை நகம் பட்டா நொறுங்கும். இது செருப்புக் காலால மிதிச்சாலும் உடைய மாட்டேங்குது. என் காதுல பூ சுத்தாதே.

— எல்லாரும் ஏமாந்தது அதுலதான். இந்த வீட்டுல முதல்ல குடியிருந்த டாக்டர்தான் அந்த மூணு ஓட்டையும் பொறுக்கினவரு. இவ்வளவு கெட்டியா இருக்கேன்னு தனி இனம்னு எழுதி வெச்சுட்டாரு. அறுபது வருஷத்துக்கு முன்னாடி இன்னொருத்தர் வந்து அதே மூலையில தேடினாரு.

— தெரியும். குடையும் கையுமா ஒரு ஒல்லி மனுசன். எனக்கு அப்போ பத்து வயசு. மிட்டாய் நீட்டினான், நான் வாங்கல. தம்பிதான் எங்க ரெண்டு பேரு பங்கையும் வாங்கித் தின்னான்.

— அவருக்குக் கிடைச்சதெல்லாம் மெல்லிசு ஓடு. கெட்டி நத்தை அழிஞ்சு போச்சுன்னு பாதிப் பேரு, டாக்டர் புளுகிட்டாருன்னு பாதிப் பேரு. அந்தச் சண்டை இன்னிக்கு வரைக்கும் தீரல.

— நீ வந்து தீர்த்துட்டியாக்கும்.

— மண்ணு தீர்த்துச்சு. ஓடு கட்ட நத்தைக்குச் சுண்ணாம்பு வேணும். கொல்லையில பத்து இடத்துல மண்ணெடுத்துப் பார்த்தேன், சுண்ணாம்பு வாசனைகூட இல்ல. அந்த மூலையில மட்டும், ஒரு கட்டில் போடற அளவுக்கு, அவ்வளவு இருக்கு. இப்பவும் பாருங்க, சுவர்ல இருக்கிற நத்தை அத்தனையும் அங்கதான் எறங்கிப் போகுது.

— மழை பெஞ்சா அப்படித்தான் போகும். எனக்கு அது பழகிப்போச்சு. செவுத்துக்குப் பூசின சுண்ணாம்பு கொட்டியிருக்கும்.

— பூச்சுச் சுண்ணாம்பு இல்லய்யா. எலும்பு. டாக்டர் நோட்டுலயே இருக்கு, அவரோட குதிரை செத்ததும் அங்கதான் புதைச்சிருக்காரு. எலும்பு இருந்த வரைக்கும் நத்தை கெட்டி. மக்கித் தீர்ந்ததும் மெல்லிசு. குடைக்காரர் வந்தப்போ தீர்ந்துபோச்சு.

— சரி, குதிரை. வெவகாரம் முடிஞ்சுது. கெளம்பு.

— இப்ப மறுபடியும் கெட்டியா இருக்கேய்யா. மாடு, நாய் ஏதாவது புதைச்சீங்களா?

— எங்க அப்பாவுக்கு வாயில்லா ஜீவனே ஆகாது. ஒரு கோழி வளர்க்க விட்டதில்ல.

— வேற யாராவது அந்த மூலையைத் தோண்டி...

— யாரு தோண்டுவா? அப்பா அங்க ஒரு முளைக்குச்சி அடிக்க விடமாட்டாரு. சின்னவன் பங்கு, அவன் வந்துதான் தொடணும்பாரு. நீ எங்க வர்றேன்னு தெரியுது. நான் வேலைக்குப் போயிருந்தப்போ அவருக்கும் அவனுக்கும் சண்டை. கோவிச்சுக்கிட்டுப் போனவனை அப்பாதான் பஸ் ஏத்திவிட்டாரு.

— நான் உங்க தம்பின்னு சொல்லவே இல்லீங்களே.

— உன் மூஞ்சி சொல்லுது. அவன் நல்லா இருக்கான். வருஷா வருஷம் மழைக்காலத்துல கடுதாசி போட்டான். பதினோரு வருஷம்.

— அப்புறம்?

— அப்பா போனதோட நின்னுபோச்சு. பெத்தவன் சாவுக்கு வரலியேன்னு அவனுக்கே உறுத்தியிருக்கும்.

— நீங்க பதில் போடலியா?

— எழுதத் தெரிஞ்சாத்தானே. எழுத்துன்னா எனக்கு எறும்பு ஊர்ற மாதிரி. அப்பா வாசிப்பாரு, நான் பக்கத்துல குந்தியிருப்பேன். கப்பல்ல வேலை, ரெண்டு பொண்ணுங்க, பெரியவளுக்குப் பாட்டு வரும். அண்ணனுக்கு முட்டி வலி எப்படி இருக்குன்னு கேக்காம முடிக்க மாட்டான்.

— வேற யார்கிட்டயும் குடுத்து வாசிக்கச் சொன்னதில்லையா?

— வீட்டுச் சேதியை ஊரான் வாயில போடாதேம்பாரு. நானும் யாரையும் நம்பினதில்ல, அவரு ஒருத்தரைத் தவிர. இந்தா, கடைசிக் கடுதாசி. எந்நேரமும் சட்டைப் பையிலதான் இருக்கும். உன் வாயை அடைக்கத்தான் தர்றேன். விலாசம் போட்டிருப்பான், பாரு.

— உறை இல்லீங்களா?

— அப்பா பிரிச்ச கையோட கிழிச்சுப் போட்டுருவாரு. என்னம்மா, திருப்பித் திருப்பிப் பார்க்கிறே? கையெழுத்து மோசமா? வாய்விட்டு வாசி. ஒரு வார்த்தை மாத்தினாலும் பிடிச்சுருவேன், எனக்கு அது மனப்பாடம். "அண்ணனுக்கு, நான் சொகம்"னு ஆரம்பிக்கும்.

— இல்லீங்கய்யா. கீழே "அப்பா"ன்னு இருக்கு. மேல, "சின்னவனே, இந்த வருஷமும் மழை ஜாஸ்தி, அந்த மூலையில உனக்கு ரொம்பக் குளிருமே"ன்னு ஆரம்பிக்குது.